யார் சொல்லும் கதை?

எங்கள் சங்க நூலகத்தில் ஒரு ஞாயிறு மாலை. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' கதையில் வரும் தாயின் பெருந்தன்மையைப் பற்றிக் கால்மணி நேரம் உருகிப் பேசி முடித்தேன். பின்வரிசையில் இருந்த மாமி ஒருவர் கேட்டார்: "அம்மா செஞ்சதெல்லாம் சரி சார். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்ன நெனச்சா?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கதையை யார் சொல்கிறார்கள் என்பது மேல்நாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அல்ல. நம் அகப்பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று தலைப்பிருக்கிறது. உடன்போக்கு என்ற ஒரே நிகழ்ச்சியைப் பாருங்கள். நற்றாய் சொன்னால் அது புலம்பல். வழியில் கண்டோர் சொன்னால் வியப்பும் பரிவும். நடந்தது ஒன்றுதான், சொல்லும் வாய் மாறியதும் மெய்ப்பாடு மாறிவிடுகிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைத் தனி இயலாகவே பேசுகிறது. நாவல், சிறுகதைகளின் உணர்வுநிலையை அளக்க அது இன்றும் உதவும் என்பது என் கருத்து.

1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' படர்க்கையில் சொல்லப்பட்ட கதை. மழை, பஸ் ஸ்டாப், கார் என்று தொடக்கத்தில் நாம் அந்த மாணவியோடுதான் போகிறோம். வீட்டுக்கு வந்ததும் கதையின் பாரம் தாயின் பக்கம் சாய்கிறது. முதலில் கதறி அடிப்பவள், பிறகு அக்கம்பக்கத்தாரிடம் மறைத்து, மகளைத் தலையோடு நீரூற்றிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். நம் கண் கலங்குகிறது. ஆனால் அது தாயோடு சேர்ந்து நாம் அழும் அழுகை. 'மன்னித்துவிட்டாள்' என்று நெகிழும்போதே, மன்னிக்கவேண்டிய தப்பு ஒன்றை அந்தப் பெண் செய்தாள் என்று நாமும் ஒப்புக்கொண்டுவிடுகிறோம், இல்லையா? என் கால்மணி நேரப் பேச்சின் ஓட்டை இதுதான்.

அந்தக் கதை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஆசிரியரே மறுபடி அதைத் தொட்டார். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் தாய் மறைக்கவில்லை; ஊரறியக் கத்திவிடுகிறாள். அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். ஆண்டுகள் பல கழித்து, உத்தியோகம் பார்க்கும் கங்கா, தன் வாழ்க்கையைப் போன்ற ஒன்றைப் பத்திரிகைச் சிறுகதையாகப் படிக்கிறாள். அந்தச் சிறுகதை 'அக்கினிப் பிரவேசம்'தான்! பலரும் முடிவு மாறியதைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 'அவள்' என்பது 'நான்' ஆனதுதான். கங்கா தானே பேசுகிறாள். உடனே அழுகை பின்னுக்குப் போய், இளிவரலும் வெகுளியும், நடுநடுவே கசந்த நகையும் முன்னுக்கு வருகின்றன. யாருடைய மன்னிப்பும் அவளுக்குப் போதவில்லை.

தன்மையில் சொல்வதற்கும் விலை உண்டு. கங்காவின் கோபத்துக்குள் அகப்பட்ட தாயை நாம் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. சில இடங்களில் கங்கா பேசுகிறாளா, ஜெயகாந்தன் மேடை ஏறிவிட்டாரா என்ற சந்தேகமும் வருகிறது. ஆனாலும் 1972இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்த நாவல், சிறுகதை விட்டுவைத்த கேள்விக்கு நேராக முகம் கொடுத்தது.

கதைகளில் மட்டுமா இது? வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் 'அவ அப்படிப் பண்ணிட்டா' என்று படர்க்கையில் முடித்துவைத்த கதைகள் எத்தனை! அவளையே சொல்லவிட்டிருந்தால் மெய்ப்பாடு மாறியிருக்கும். அடுத்த கூட்டத்தில் நாவலைப் பேசுவதென்று முடிவு செய்தோம். இந்த முறை முதலில் பேசப்போவது அந்த மாமி. நான் பின்வரிசை.