கொரிந்துப் பந்தியும் அன்பின் அதிகாரமும்: தமிழ்த் திருப்புதலில் சபை ஒருமை

ஆய்வுச் சுருக்கம்

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் தமிழ்ச் சூழலில் தனித்து நிற்கும் அன்புப் பாடலாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. பந்தியில் பிளவுபட்ட ஒரு சபையை நோக்கிய கண்டனம் அது என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது. தமிழ்த் திருப்புதலின் சொல்தேர்வுகள் அப்பொருளை எங்குக் காக்கின்றன, எங்கு மறைக்கின்றன என்பதையும், தஞ்சைச் சபையின் சாதிப் பூசலை அவ்வாசிப்பு எவ்வாறு விளக்குகிறது என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொரிந்து, திருவிருந்து, அன்பு, பக்திவிருத்தி, வேதநாயகம் சாஸ்திரியார்.

முன்னுரை

திருமண ஆராதனைகளில் மிகுதியாக வாசிக்கப்படும் வேதபகுதிகளுள் ஒன்று 1 கொரிந்தியர் 13. மணமக்களுக்கு உரிய அறிவுரையாக அது பொருந்துகிறது. ஆயினும் அது மணமக்களுக்கு எழுதப்பட்டதன்று. ஒரே அப்பத்தை உண்ண வந்து, ஒருவரையொருவர் இழிவுபடுத்திக்கொண்ட ஒரு கூட்டத்தாருக்கு எழுதப்பட்டது. அதிகாரத்தை நிருபத்திலிருந்து பிரித்தெடுக்கும்போது அன்பு தனிமனித நற்குணமாகச் சுருங்குகிறது. சபையின் ஒருமை என்னும் பொருள் நழுவிவிடுகிறது.

சபையும் அதன் பிளவும்

கி.மு. 146இல் உரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் யூலியஸ் சீசரால் உரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவப்பட்டது. இரு துறைமுகங்களுக்கு இடையே அமைந்த இவ்வணிக நகரில் செல்வரும் அடிமைகளும் ஒரே சபையில் கூடினர். கி.பி. 50களின் நடுப்பகுதியில் எபேசுவிலிருந்து பவுல் இந்நிருபத்தை எழுதினார். பவுல், அப்பொல்லோ, கேபா ஆகியோர் பெயரால் எழுந்த கட்சிகளை முதல் அதிகாரமும், சபையார் ஒருவர்மீது ஒருவர் தொடுத்த வழக்குகளை 6ஆம் அதிகாரமும் கண்டிக்கின்றன.

பிளவு உச்சம் அடைவது 11ஆம் அதிகாரத்தில்தான். கர்த்தருடைய பந்திக்கு வந்தவர்களுள் ஒருவர் பசித்திருக்க, மற்றொருவர் வெறித்திருக்கிறார். இல்லாதவர் வெட்கப்படுத்தப்படுகிறார். இப்பூசலை வெறும் கோட்பாட்டு வேறுபாடாகக் கொள்ளாமல், சமூகப் படிநிலையின் வெளிப்பாடாகக் கண்டவர் செருமானிய ஆய்வாளர் கெர்ட் தைசன். பவுல் கூறும் தீர்வும் நடைமுறை சார்ந்தது: உண்ணக் கூடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டும். அடுத்து வரும் 12ஆம் அதிகாரம் சபையை ஒரே உடலாக உருவகிக்கிறது. 13 அன்பை முன்வைக்கிறது. 14 ஆராதனை ஒழுங்கைப் பேசுகிறது. பந்திக்கும் ஆராதனைக்கும் நடுவே அன்பு வைக்கப்பட்டிருப்பது தற்செயலன்று.

தமிழ் காத்த இழைகள்

13:4–7 பகுதியில் கிரேக்க மூலம் அன்பை 15 வினைகளால் விளக்குகிறது. அன்பு இன்னது என்று வரையறுக்காமல், அது என்ன செய்யும், என்ன செய்யாது என்றே கூறுகிறது. 'புகழாது', 'நாடாது', 'சினமடையாது' என்னும் தமிழின் எதிர்மறை வினைமுற்றுகள் இவ்வினைத்தன்மையை இயல்பாகத் தாங்குகின்றன.

இவ்வினைகள் பலவும் முந்தைய அதிகாரங்களில் சபையின் குற்றங்களாகச் சுட்டப்பட்டவை. அவற்றுள் 'ஊதிப் பெருத்தல்' என்னும் பொருளுடைய வினை குறிப்பிடத்தக்கது. புதிய ஏற்பாட்டில் 7 இடங்களில் மட்டும் வரும் அவ்வினை, 6 இடங்களில் இந்நிருபத்திலேயே வருகிறது. வழக்கிலுள்ள பழைய தமிழ்த் திருப்புதல் 4, 5, 8, 13ஆம் அதிகாரங்களில் 'இறுமாப்பு' என்னும் சொல்லையே ஆள்வதால், அன்பு எதைச் செய்யாது என்கிறாரோ அதையே கொரிந்தியர் செய்தனர் என்பது தமிழ் வாசகருக்கும் புலனாகிறது. 'பொறாமை' என்னும் சொல் 3:3இலும் 13:4இலும் நிற்பதும் இத்தகையதே.

தமிழ் மறைத்த இழைகள்

மூன்று இடங்களில் இவ்விழை அறுகிறது. முதலாவது, 'கட்டடம், கட்டுதல்' எனப் பொருள்படும் 'ஒய்கொதோமே' என்னும் கிரேக்கச் சொல். 3:9இல் இது 'மாளிகை' எனப் பெயர்க்கப்பட்டுள்ளது. அறிவு ஊதிப் பெருக்கும், அன்போ கட்டியெழுப்பும் என்னும் கருத்துடைய 8:1இலும், 14ஆம் அதிகாரம் முழுவதிலும் இச்சொல்லும் இதனோடு தொடர்புடைய வினையும் 'பக்திவிருத்தி' ஆகின்றன. பலர் சேர்ந்து எழுப்பும் கட்டடம் ஒருவரின் உள்ளத்தில் வளரும் பக்தியாக மாறிவிடுகிறது. 14ஆம் அதிகாரம் தன்னை மட்டும் கட்டுவதையும் சபையைக் கட்டுவதையும் எதிரெதிரே நிறுத்துகிறது. அவ்வெதிர்நிலையின் கூர்மையும் இதனால் மழுங்குகிறது.

இரண்டாவது, தனக்குரியதைத் தேடாமை. 10:24, 10:33 ஆகியவற்றில் 'சுயப்பிரயோஜனம்' என வரும் கருத்து, 13:5இல் 'தற்பொழிவு' என வேறு சொல் பெறுகிறது. மூலத்தில் இவ்விடங்களை இணைக்கும் 'தேடுதல்' என்னும் வினையும் இங்கு 'நாடுதல்' ஆகிறது.

மூன்றாவது, 11:29. பழமையான முதன்மைக் கையெழுத்துப் படிகளில் 'சரீரம்' என்று மட்டுமே உள்ளது. திருப்புதல் 'கர்த்தருடைய சரீரம்' என்கிறது. அடைமொழியின்றி நின்றால், அடுத்த அதிகாரத்தின் உடல் உருவகத்தோடு இணைந்து, அருகில் அமர்ந்திருக்கும் சபையாரையும் அச்சொல் குறிக்கக்கூடும். அடைமொழி சேரும்போது வாசகரின் கவனம் அப்பத்தோடு நின்றுவிடுகிறது. பசித்தவரை அறியாமை என்னும் குற்றம், அப்பத்தின் புனிதத்தை அறியாமை என்னும் குற்றமாகக் குறுகிவிடுகிறது.

தஞ்சைச் சபையின் சான்று

இவ்வேறுபாடு தமிழ்ச் சபை வரலாற்றில் நேரடியாக எதிர்ப்பட்ட ஒன்று. 18ஆம் நூற்றாண்டின் லுத்தரன் அருள்தொண்டர்கள், ஆலயத்தில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்வதைப் பொறுத்துக்கொண்டனர். பின்வந்த அருள்தொண்டர்கள் அதை நீக்க முற்பட்டபோது, சுவார்ட்சின் மாணவரும் சுவிசேடக் கவிராயருமான வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) 1829இல் கடுமையாக மறுத்தெழுதினார். திருவிருந்தில் சாதியினரைக் கலக்க வற்புறுத்துவதையும், வழங்கிவந்த வேதமொழிபெயர்ப்பை மாற்றுவதையும் அவர் ஒருசேர எதிர்த்தார். பந்தியும் மொழிபெயர்ப்பும் ஒரே பூசலின் இரு முனைகளாயின. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கைவிடப்பட வேண்டும் எனச் சுற்றுமடல் விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் பலர் சபையை விட்டு விலகினர்.

சாதி உலகியல் வழக்கம். விசுவாசத்திற்கு முரணானதன்று என்பதே எதிர்த்தோரின் அடிப்படை வாதம். கொரிந்து நிருபம் இவ்வாதத்திற்கு ஓரளவு இடம் தருவதுபோலத் தோன்றுகிறது. பசியுள்ளவர் வீட்டில் உண்ணட்டும் என்னும் பவுல், வீட்டிலுள்ள ஏற்றத்தாழ்வைத் தொடவில்லை. தைசன் இதனை அன்பு கலந்த தந்தைவழி அதிகாரம் என்னும் கருத்தாக்கத்தால் விளக்குவார். ஆனால் உலகியல் வேறுபாடு நுழையக்கூடாத இடமாகப் பவுல் வரையறுத்தது பந்தியையே. தஞ்சையில் வேறுபாடு காக்கப்பட்டதும் அதே பந்தியில்தான். ஆகவே நிருபத்தின் வாதம் அவர்களுக்குத் துணைநிற்கவில்லை.

அதேவேளை, சுற்றுமடலும் நிருபத்திற்கு நிகராகாது. பவுல் ஆணையோடு நிறுத்தாமல், உடல் உருவகத்தாலும் அன்பின் விளக்கத்தாலும் சபையின் மனத்தை மாற்ற முனைந்தார். நீதியான ஆணை அன்பின் உழைப்பின்றி வந்தபோது, தஞ்சையில் அது மற்றொரு பிளவுக்கு வாயிலாயிற்று.

முடிவுரை

1 கொரிந்தியர் 13 ஒருமையைக் கொண்டாடும் பாடலன்று. ஒருமை இழந்த சபையைத் திருத்தும் உரை. அங்கு அன்பு என்பது உணர்வன்று, உடன் உண்பவருக்காகக் காத்திருக்கும் செயல். தமிழ்த் திருப்புதலில் 'இறுமாப்பு' இப்பொருளைக் காத்தது. 'பக்திவிருத்தி' அதனை மறைத்தது. 11 முதல் 14 வரையிலான அதிகாரங்களை ஒருசேர வாசிப்பதும், 'கட்டுதல்' என்னும் சொல்லைத் தமிழ் வாசிப்பில் மீட்பதும் அவ்விழையை மீண்டும் இணைக்கும். அவ்வாறு வாசிக்கும்போது, அன்பு உண்டா என்னும் வினா மணமக்களைக் கடந்து, பந்தியில் அமரும் சபை முழுவதையும் நோக்கி எழும்.