பெயரும் ஏவலும்: ரூட்டர் நிருவாகப் பக்கங்கள் குறித்த ஒரு திறனாய்வு

திறனாய்வு என்றவுடன் காப்பியத்தையும் கவிதையையும் நாவலையுமே நினைப்பது நம் வழக்கம். எழுதினவன் எண்ணியது யாது, எழுத்தில் அமைந்தது யாது, இவ்விரண்டிற்கும் இடையே நேர்ந்த வேறுபாடு யாது என்று ஆராய்தலே திறனாய்வாயின், கணினிச் செய்நிரலும் அவ்வாராய்ச்சிக்கு உரியதே. வெளிவாரி மாணவனாகத் தமிழ் பயின்று பட்டம் பெற்று, அட்டனுக்கு அணித்தான தோட்டப் பாடசாலையொன்றில் இலக்கணம் கற்பிக்கும் யான் கணினித் துறைக்குப் புறத்தேன். ஆயினும் உலகெங்கும் வீடுகளிலும் பாடசாலைகளிலும் உள்ள ரூட்டர்களின் நிருவாகப் பக்கங்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் பெருங்குற்றம் ஒன்று அடிப்படையில் ஓர் இலக்கணக் குற்றமே எனக் கண்டமையால், அதனை இம்மலரில் ஆராயத் துணிந்தேன்.

ரூட்டர் என்பது கணினி, கைத்தொலைபேசி முதலியவற்றை இணையத்தோடு பிணைக்கும் சிறு பெட்டி. பார்வைக்குச் சாதுவான அப்பெட்டியினுள்ளே முழுமையான ஒரு கணினியே உறைகின்றது. பெரும்பாலானவற்றில் லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை இயங்குகின்றது. அதனை ஆளுதற்கெனத் தனித் திரையும் விசைப்பலகையும் இல்லாமையால், 192.168.1.1 போன்ற ஓர் இலக்கத்தை உலாவியில் இட்டால் நிருவாகப் பக்கம் தோன்றுமாறு அமைத்துள்ளனர். அப்பக்கத்திலே 'பிங்' என்னும் சோதனைக்குரிய கட்டம் ஒன்று பல ரூட்டர்களில் உண்டு. தொலைவிலுள்ள கணினியொன்றின் முகவரியை அதில் எழுதினால், அங்கிருந்து மறுமொழி வருகின்றதா என ரூட்டர் சோதித்துச் சொல்லும். இஃது எவ்வாறு நிகழ்கின்றது? எழுதப்பட்ட முகவரியைப் 'பிங்' என்னும் சொல்லின் பின்னே ஒட்டி, அவ்வாறு ஆன வரியைச் செய்நிரலானது ஷெல் என்னும் ஏவலாளனிடம் கொடுத்துவிடுகின்றது. ஷெல் வரியைப் படிக்கும், படித்தபடி செய்யும். அதன் இலக்கணத்தில் அரைப்புள்ளி ஒரு கட்டளை முடிந்து மறு கட்டளை தொடங்குவதைக் காட்டும். ஆகவே ஒருவன் முகவரியை எழுதி, அதன்பின் ஓர் அரைப்புள்ளி இட்டு, வேறொரு கட்டளையையும் சேர்த்து எழுதுவானாயின், ஷெல் அதனையும் செய்து முடிக்கும். இதனையே கட்டளை புகுத்தல் என்பர்.

மலைநாட்டு வாசகர்க்கு இதனைக் கொழுந்து நிறுக்குமிடத்தில் வைத்து விளக்கலாம். 'நிறை சொல்க' என அச்சிட்டு, அதன்பின் பெயருக்கு வெற்றிடம் விட்ட துண்டு ஒன்று உண்டென்று கொள்வோம். வெற்றிடத்தைத் தொழிலாளியே நிரப்பலாம். துண்டு, தோட்டத்துச் சாவிகள் யாவற்றையும் இடுப்பிற் செருகியுள்ள எழுதுவினைஞர் ஒருவரிடம் செல்லும். ஒருவன் அவ்வெற்றிடத்தில் 'முத்து. களஞ்சியம் திறக்க' என்று எழுதிவிடுகின்றான். எழுதுவினைஞரோ அச்சிட்டது எது, கையால் எழுதியது எது என்று பாராமல், முழுவதையும் துரையின் ஆணையாகவே கொண்டு களஞ்சியத்தைத் திறந்துவிடுகின்றார். எழுதினவன் கள்வன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பெயர் எழுதும் இடத்தை ஆணை எழுதும் இடமாக்கி வைத்தவன் அத்துண்டை வகுத்தவன் அல்லனோ? சாவி முழுவதையும் ஒருவர் இடுப்பிற் செருகியவனும் அவனே. பல ரூட்டர்களில் நிருவாகப் பக்கத்தை நடத்தும் செய்நிரல் தலைமைப் பயனருக்குரிய முழு அதிகாரத்தோடு இயங்குவதை இவ்விடத்தில் நினைவுகூர்க.

தமிழ் மாணவர்க்கு இம்மயக்கம் புதிதன்று. 'கல்' என்பது மலையிற் கிடப்பதையும் குறிக்கும். மாணவனை நோக்கிக் கற்குமாறு ஏவுதலையும் குறிக்கும். படி, ஓடு, ஆடு, அணை என்பனவும் அத்தகையன. நன்னூலார் வினைப்பகுதியை ஏவல் வடிவிலேயே காட்டினாராதலின், நம் மொழியில் ஏவலுக்குத் தனி உருபு ஒன்று வேண்டுவதில்லை. ஆயினும் நாம் இடர்ப்படுவதில்லை. பிறர் கூற்றை எடுத்தாளுமிடத்து 'என்று' என்னும் சொல்லை இறுதியில் நிறுத்துகின்றோம். "'ஓடு' என்று சொன்னான்" எனக் கேட்டவர் எவரும் எழுந்து ஓடுவதில்லை. அச்சொல் பிறனுடைய கூற்றுக்கு வேலியாக நிற்கின்றது. ஏட்டுச் சுவடிகளில் மூலமும் உரையும் இடையீடின்றி ஓடியமையால் சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டினையும் ஈண்டு எண்ணலாம். அவர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பிரித்தெடுத்ததை, ரூட்டரின் செய்நிரலை எழுதினவன் ஒரே வரியில் மீண்டும் கலந்துவிடுகின்றான்.

நிகழ்ந்தவற்றை நோக்கின் இக்குற்றம் எத்துணை எளிய கேள்விகளின் பின்னே ஒளிந்திருந்தது என்பது வியப்பளிக்கும். 2016 நவம்பர் இறுதியில் ஜேர்மனியின் டொய்ச்சு டெலிகொம் நிறுவனத்தின் வாடிக்கையாளரிற் சுமார் 9 இலட்சம் பேர் இணைப்பிழந்தனர். மிராய் என்னும் தீநிரலின் ஒரு வகை, ரூட்டர்களின் நிருவாக இடைமுகத்தில் நேரம் அறிவிக்கும் கணினியின் பெயரைக் கேட்கும் இடத்திற் கட்டளையைப் புகுத்த முயன்றதே காரணம். அயர்லாந்திற் பயன்பட்ட வேறொரு ரூட்டரே அக்குறையை உடையது. ஜேர்மனியின் பெட்டிகள் ஏவலுக்குப் பணியாவிடினும், வந்து மோதிய வேண்டுகோள்களின் மிகுதியால் செயலிழந்தன. 2018இல் வெளிப்பட்ட டாசன் நிறுவனத்து ஒளியிழை ரூட்டர்களின் குறையோ மேலே கூறிய 'பிங்' கட்டத்திலேயே இருந்தது. டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 என்னும் ரூட்டரில், பயனர் எந்த நாட்டவர் என வினவும் இடத்திலேயே கட்டளை புகுந்தது. 2022 டிசம்பரில் ரொறன்ரோவில் நடைபெற்ற, கருவிகளின் குறை காணும் போட்டியில் அது வெளிப்பட்டது. 2023 மார்ச் மாதத்தில் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. ஏப்பிரலிலேயே மிராய் கூட்டத்தார் திருத்தம் பெறாத பெட்டிகளைப் பிடிக்கத் தொடங்கினர். நேரம், இடம், நாடு! பெயர் வரவேண்டிய இம்மூன்று இடங்களிலும் ஏவல் வந்து அமர்ந்துகொண்டது.

இக்குற்றம் பற்றிப் பொதுமக்களுக்குக் கூறப்படும் அறிவுரைகளுள் முதன்மையானது, கடவுச்சொல்லை மாற்றுக என்பது. நல்லதே, யானும் மாணவர்க்கு அதனைக் கூறுவதுண்டு. ஆனால் குற்றத்தின் வேரை அது தொடவில்லை. டாசன் ரூட்டர்களில் பக்கத்தின் முகவரியோடு ஒரு சிறு தொடரை ஒட்டியவுடன் கடவுச்சொல் கேளாமலே பக்கம் திறந்தது. நாட்டைக் கேட்ட டிபி-லிங்க் கட்டமும் உள்நுழையாதவனுக்கே பணிந்தது. இனி, நிருவாகப் பக்கம் வெளியிலிருந்து தெரியாதவாறு மூடப்பட்டிருப்பின் அச்சமில்லை என்பாருமுளர். 2016 டிசம்பரில் நெற்கியர் ஆர்7000 முதலியவற்றில் வெளிப்பட்ட குறை இக்கூற்றையும் மறுத்தது. அங்கு முகவரியில் ஓர் அரைப்புள்ளியும் கட்டளையும் எழுதினாலே போதும். வீட்டிலிருக்கும் ஒருவரைத் தீய பக்கமொன்றைப் பார்க்கச் செய்தால், அவருடைய உலாவியே அம்முகவரியை ரூட்டருக்கு அனுப்பிவிடும். வாயிலைப் பூட்டியும் பயனென்ன? உள்ளிருக்கும் பிள்ளையின் கையாலே கதவு திறக்கப்படுகின்றது. திருத்தம் வரும்வரை அக்கருவிகளைப் பயன்படுத்தாது விடுதலை எண்ணுமாறு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துச் செர்ட் நிலையம் அன்று அறிவுறுத்தியது.

உற்பத்தியாளர் செய்யும் திருத்தங்களிலும் குறைகூறற்கு இடமுண்டு. சிலர் அரைப்புள்ளியை மட்டும் விலக்குவர். ஷெல்லுக்கோ கட்டளைகளைத் தொடுக்கும் குறிகள் வேறு பலவும் உள. சிலர் சோதனையை உலாவியில் தோன்றும் பக்கத்திலேயே வைப்பர். பக்கத்தை விடுத்து நேரே ரூட்டருக்கு எழுதுவோனை அச்சோதனை எவ்வாறு தடுக்கும்? பரீட்சார்த்தியே தன் விடைத்தாளைத் திருத்துவது போன்றது அது. செய்யத்தக்கது எளிது: ஷெல்லிடம் வரியாகக் கொடாமல், செய்யவேண்டிய செயல் இது, அதற்குரிய பெயர் இது எனத் தனித்தனியே பணிசெயல் முறைமையிடம் ஒப்புவித்தல். அப்போது பெயரில் எத்தனை அரைப்புள்ளி இருப்பினும் அது பெயராகவே நிற்கும். இவ்வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1970களின் யுனிக்ஸ் முறைமையிலேயே உள்ளது. ஆகவே மலிவான கருவியில் இதற்குமேல் எதிர்பார்க்கலாகாது என்னும் சமாதானத்தை யான் ஏற்கேன். ஒட்டி எழுதுவதினும் பிரித்து எழுதுவதற்குப் பொருட்செலவு யாது?

மலிவு பற்றிய பேச்சு வந்தமையால் எம் பகுதியின் நிலையையும் கூறவேண்டும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்திற்கு மாறியபோது, லயங்களில் இணையம் என்பது அரிசி, மாவு போல வாங்கவேண்டிய பொருளாயிற்று. கொழும்பிற் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் முதலாளி கழித்த ரூட்டர்களைப் பண்டிகைக்கு வரும்போது கொணர்ந்தனர். ஒரு வீட்டில் ஓய்ந்தது மறு வீட்டிற்குச் சென்றது. அப்பெட்டிகளுக்கு உற்பத்தியாளர் திருத்தம் அனுப்புவதை நிறுத்தி ஆண்டுகள் பல ஆயிருக்கலாம். 2014இல் லிங்சிஸ் நிறுவனத்தின் ஈ வரிசை ரூட்டர்களை 'தமூன்' என்னும் புழு நிரல் தாக்கியது. 2025 மே மாதத்தில் அமெரிக்கப் புலனாய்வுப் பணியகம் வெளியிட்ட எச்சரிக்கையிலும் அதே வரிசைப் பெட்டிகளும் அதே புழுவின் புதிய வகையும் இடம்பெற்றன. 11 ஆண்டு கழிந்தும் பெட்டி உயிரோடிருக்கின்றது, அதனைத் திருத்துவாரில்லை. பிடிபட்ட பெட்டிகள் குற்றவாளிகள் தம் முகவரியை மறைத்துக்கொள்ளும் முகமூடிகளாக விற்கப்பட்டன. பிறன் செய்த குற்றத்திற்கு லயத்து வீட்டின் முகவரி சான்றாகலாம். நாட்கூலியிற் பெற்ற டேட்டாவும் அவன் பொருட்டுக் கரையலாம்.

பிரித்தானியாவில் 2024 ஏப்பிரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இத்தகைய கருவிக்கு எந்நாள்வரை பாதுகாப்புத் திருத்தம் வழங்கப்படும் என்பதை உற்பத்தியாளர் அறிவிக்கவேண்டும் என விதிக்கின்றது. நம் நாட்டில் இத்தகைய கருவிகளுக்கு வகை அங்கீகாரம் வழங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, அந்நாளைப் பெட்டியின் மேலேயே மும்மொழியிலும் அச்சிடுமாறு பணித்தல் இயலாத செயலன்று. பழைய கருவியை விலைகொடுத்தோ இரந்தோ பெறுபவனுக்குக் கடவுச்சொல் பற்றிய அறிவுரையினும் அந்நாளே பெரிதும் பயன்படும்.

எம் பாடசாலையில் இருந்ததும் அன்பளிப்பாக வந்த ஒன்றே. சென்ற தவணையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் இளைய ஆசிரியரும் யானும் அதன் நிருவாகப் பக்கத்தைத் திறந்தோம். வெளியிலிருந்து நிருவகிக்கும் வசதி திறந்தே கிடந்தது, அதனை மூடினோம். திருத்தம் உளதா எனத் தேடியபோது, அவ்வகைக்கு ஆதரவு முடிந்துவிட்டதென உற்பத்தியாளரின் பக்கம் தெரிவித்தது. 'பிங்' கட்டத்தில் அவர் எம் பாடசாலைப் பெட்டிக்கே தீங்கற்ற ஒரு கட்டளையை அரைப்புள்ளியோடு எழுதிப் பார்த்தார். ரூட்டர் மறுப்பின்றிப் பணிந்து, தன் கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டியது. அன்று மாலை அதன் மின்கம்பியைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டோம். புதியதொன்றிற்குப் பெற்றோர் சங்கம் பணம் சேர்க்கின்றது. அதுவரை தரம் 11 மாணவர் ஆசிரியரின் கைத்தொலைபேசியிலிருந்தே பாடத்தை இறக்கிக்கொள்கின்றனர்.