திருவுளச்சீட்டில் வந்த குதிரை

அமெரிக்கக் கல்லூரிகளின் குதிரையேற்றப் போட்டியில் யார் எந்தக் குதிரையில் ஏறுவது என்பதைத் திருவுளச்சீட்டுதான் முடிவு செய்கிறது. போட்டியை நடத்தும் கல்லூரி தன் லாயத்துக் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தும். காலையில் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் அவற்றை ஓட்டிக் காட்டுவார்கள். வெளியூர் அணிக்காரர்கள் வேலியோரம் நின்று குறிப்பெடுப்பார்கள்: இது இடப்பக்கம் திரும்ப முரண்டு பிடிக்கிறது, அது சவுக்கைப் பார்த்தாலே பாய்கிறது, மூலையில் நிற்கும் செவலைக்குக் குதிமுள் இல்லாமல் காரியம் ஆகாது. மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பவர்களின் முகம் அப்படியே. பிறகு சீட்டு எடுப்பார்கள். வந்த பெயருக்குரிய குதிரையில் ஏறி, அங்கவடி வாரின் நீளத்தை மட்டும் சரிசெய்துகொண்டு நேரே களத்துக்குள் போக வேண்டும். தடை தாண்டல் இல்லாத சமதரைப் பிரிவுகளில் பழகிப் பார்க்க ஒரு சுற்றுகூடக் கிடையாது.

1967இல் நியூ ஜெர்சியின் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பாப் காக்கியோனி தொடங்கிய ஐஎச்எஸ்ஏ என்ற கல்லூரிகளிடைச் சங்கத்தின் ஏற்பாடு இது. அதற்குப் பின்னால் இருந்த கணக்கு எளிமையானது. குதிரை விளையாட்டில் பணம்தான் முதலில் சேணத்தில் ஏறி உட்காரும். நல்ல குதிரை, அதை ஏற்றிச் செல்ல வண்டி, மாதாமாதம் லாய வாடகை, லாடம் அடிப்பவர், வைத்தியர் என்று ஒரு குடும்பமே அதற்காக உழைக்க வேண்டும். எல்லோரும் அயலார் குதிரையில், அதுவும் குருட்டுச் சீட்டில் ஏறுவது என்றானதும் சொந்தக் குதிரையின் அனுகூலம் ஒரே வீச்சில் போய்விடுகிறது.

மதிப்பெண் முறையும் அதே மனப்போக்கில் அமைந்தது. ஒவ்வொரு பிரிவிலும் அணிக்கு ஒருவருடைய மதிப்பெண்தான் கணக்கில் சேரும், முதலிடத்துக்கு 7. தடை தாண்டும் தேர்ந்த வீரர் எடுக்கும் ஏழும், போன வருஷம்வரை குதிரையைத் தொட்டே பார்க்காமல், இன்று நடையும் டிராட் என்ற மெல்லோட்டமும் மட்டும் காட்டும் முதலாண்டு மாணவி எடுக்கும் ஏழும் ஒன்றுதான். கடைசிப் பிரிவில் அந்தப் புதியவளின் ஏழு அணியைக் கரை சேர்த்துவிடலாம். கற்றுக்குட்டிக்கு இத்தனை மரியாதை தரும் விளையாட்டை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த முறை கற்றுத்தரும் திறமையும் போலியல்ல. முன்பின் தெரியாத ஒரு மிருகத்தின் மேல் உட்கார்ந்து, முதல் இருபது முப்பது எட்டுகளுக்குள் அதன் வாய் மென்மையா, முதுகு இறுகியிருக்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை உடம்பால் படித்தாக வேண்டும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டும் குழுப்போட்டியில் தங்கம் பெற்ற அமெரிக்க அணியின் பீஸி மேடன் இந்தக் கல்லூரிப் போட்டிகளில் பழகி வந்தவர்.

ஆனால் மேடனின் பதக்கங்களை வைத்தே மறுதரப்பையும் பேசலாம். ஏதென்ஸில் அவர் ஏறியது ஆத்தென்டிக் என்ற குதிரை. நான்காண்டு கழித்து பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இன்னொரு குழுத் தங்கமும் தனிநபர் வெண்கலமும் வாங்கியபோதும் அதே ஆத்தென்டிக்தான். சீட்டில் வந்த குதிரையைச் சில நிமிடம் சமாளிப்பது ஒரு வித்தை. ஒரே குதிரையோடு வருஷக்கணக்கில் வாழ்ந்து அதை வளர்த்தெடுப்பது வேறு வித்தை. கல்லூரிகள் இரண்டையும் ‘குதிரைக் கலை’ என்ற ஒரே பெயரில் விற்கின்றன. சொல்லித்தருவது பெரும்பாலும் முதலாவதை.

இதன் விலையைக் கொடுப்பது லாயத்துக் குதிரை. பல கல்லூரி லாயங்களில் நிற்பவை தானமாக வந்தவை. போட்டிகளில் ஓடிக் களைத்து, முன்போல உயரம் தாண்ட முடியாமல் போன பதினைந்து பதினாறு வயதுக் குதிரைக்கு இங்கே இரண்டாவது உத்தியோகம், கொடுத்தவருக்கு வரிச்சலுகை. குதிரைக்குப் பாடம் சொல்லும் முறை என்ன? காலால் விலாவை மெல்ல அழுத்தினால் அது முன்னே போகும். போன அந்தக் கணமே அழுத்தம் விலக வேண்டும். அந்த விலகல்தான் அதற்குக் கிடைக்கும் கூலி. கற்றுக்குட்டியின் கால் அழுத்துகிறது, குதிரை நகர்கிறது, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கால் இன்னும் இறுகுகிறது. கையும் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறது. கீழ்ப்படிந்ததற்கும் அடி, படியாததற்கும் அடி. காலை ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை, பதினொன்றுக்கு ஒரு பிள்ளை, மாலையில் இன்னொரு பிள்ளை. சில மாதங்களில் கால் அழுத்தம் என்பது வெறும் இரைச்சல் என்று குதிரை முடிவுகட்டிவிடும். அப்புறம் ‘சோம்பேறிக் குதிரை’ என்று குறிப்பேட்டில் எழுதிக் குதிமுள் மாட்டச் சொல்வார்கள். அது சோம்பேறி இல்லை. பேச்சுக் கொடுத்தவர்கள் யாருக்கும் பேச்சை முடிக்கத் தெரியவில்லை.

இதையெல்லாம் சமதரைப் பிரிவு நடுவர் மதிப்பெண்ணாக்க முடியாது. அவர் பார்ப்பது ஏறியிருப்பவரின் இருக்கை: குதிகால் இறங்கியிருக்கிறதா, முதுகு நேரா, கை அமைதியா. சாதுக் குதிரை வாய்த்தவர் சிலைபோல அமர்ந்து வந்து ரிப்பன் வாங்குவார். முரடனை வசப்படுத்தியவரின் தோள் குலுங்கித்தான் இருக்கும். கண்ணுள்ள நடுவர் அதைக் கணக்கில் எடுப்பார் என்பது உண்மை. ஆனாலும் சீட்டு சீட்டுதான்.

சீட்டின் அநியாயத்துக்கு மாற்று ஒன்றும் இருக்கிறது. 1998இல், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ குதிரையேற்றத்தைப் பெண்களுக்கான வளர்ந்துவரும் விளையாட்டுகளில் சேர்த்தது. அந்த வழியில் வந்த என்சிஇஏ போட்டியில் எதிரெதிர் அணியினர் இருவரும் ஒரே குதிரையில் அடுத்தடுத்து ஏறுகிறார்கள். பழகிக்கொள்ள ஆளுக்கு நான்கு நிமிடம். தராசு இங்கே நேராக நிற்கிறது. ஆனால் ஆண்களுக்கு இடமில்லை, கற்றுக்குட்டிக்கும் இடமில்லை. உதவித்தொகை கொடுத்து ஆள் எடுக்கும்போது சிறுவயதிலிருந்தே போட்டிக் குதிரையில் வளர்ந்தவர்களைத்தான் பயிற்றுநர்கள் தேடுவார்கள். முன்வாசலில் விரட்டிய பணம் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால், குறை தெரிந்தே நான் குருட்டுச் சீட்டின் பக்கம்.

போட்டியை விட்டுவிட்டுப் பட்டத்துக்கு வருவோம். குதிரையியல் பட்டத்தில் உடற்கூறு, தீவனம், இனவிருத்தி, லாய மேலாண்மை, பயிற்றுவிக்கும் முறை எல்லாம் உண்டு. ஐந்நூறு கிலோக் குதிரை நாளுக்குப் பத்துக் கிலோ அளவுக்கு உலர்புல் தின்னும், அதற்கு வாந்தி எடுக்க முடியாது, ஆகவே வயிற்றுவலி அதன் உயிருக்கே உலை என்பதையெல்லாம் லத்தி அள்ளிக்கொண்டே படிப்பது நல்ல படிப்புத்தான். இடறுவது வேறிடத்தில். மாசசூசெட்ஸ் மாநிலம் குதிரையேற்றம் கற்பிக்க உரிமம் கேட்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் அப்படி எதுவும் இல்லை. பட்டம் இல்லாதவரும் நாளைக்கே பலகை மாட்டலாம். லாயக் கூலியோ கல்விக் கடனை அடைக்கப் போதாது. ஜெர்மனியில் இதே தொழிலுக்கு மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி. இனவிருத்தி, பந்தயம், ஏற்றப்பயிற்சி எனப் பிரிவுகள் ஐந்து. பயில்பவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அமெரிக்க மாணவர் அதே லத்தியை அள்ள நான்காண்டு கட்டணம் செலுத்துகிறார்.

இருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வர்ஜீனியாவில் வர்ஜீனியா இன்டர்மான்ட் கல்லூரி 2014இல் மூடப்பட்டபோது அதன் புகழ்பெற்ற குதிரையேற்றப் பிரிவை எமரி அண்ட் ஹென்றி கல்லூரி ஏற்று நடத்தியது. கல்லூரி போய் லாயம் பிழைத்தது.

அந்த ஈர்ப்பை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது ஒன்று உண்டு. சேர்ந்ததும் ஒவ்வொரு மாணவர் பொறுப்பிலும் மரத்துப்போன ஒரு கிழட்டு லாயக் குதிரையை ஒரு வருஷத்துக்கு ஒப்படைக்கலாம். தீவனம், லாடம், வைத்தியம், தினசரி ஏற்றம் எல்லாம் அவர் பாடு. சனிக்கிழமைப் போட்டிக்குச் சீட்டு எடுக்கட்டும், தடையில்லை. வருஷக் கடைசித் தேர்வில் அந்தக் குதிரையில் வேறொருவரை ஏற்றி, குதிமுள்ளைக் கழற்றிவிட்டுக் காலை மெல்ல அழுத்தச் சொன்னால் போதும். நடுவர் குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.