பொழுதில்லாத நிலம்

போட்டோ மாதிரி இருந்துவிட்டால் உண்மை மாதிரி இருப்பதாக நாம் நம்பிவிடுகிறோம். ஆகாயப் படங்களிலிருந்து கம்ப்யூட்டர் உருவாக்கும் நிலக்காட்சிகள் இந்த நம்பிக்கையின் உச்சம். டெக்னாலஜி சமாச்சாரம் என்று இவற்றை ஒதுக்குவதற்கில்லை. ரியலிசம் பற்றி நாம் வெகுகாலமாகப் போட்டுவரும் சண்டையின் இன்னொரு களம் இது.

செய்முறை எளிது. தரையின் உயரம் கட்டம் கட்டமாக எண்களாகிறது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் ஓடம் பதினொரு நாட்கள் சுற்றி, ரேடாரால் பூமியின் பெரும்பகுதியை அளந்தது. 2005 மே மாதம் இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-1, முன்சாய்ந்த ஒரு காமிராவும் பின்சாய்ந்த ஒரு காமிராவுமாக ஒரே இடத்தை இருமுறை படமெடுத்தது. இரண்டு கண்கள் ஆழத்தை அறிவது போல அதிலிருந்து உயரம் கணக்கிடப்பட்டது. இந்த எண்களின் மேல் ஆகாயப் படத்தைப் போர்வையாக விரித்து ஒரு சூரியனையும் நிறுத்திவிட்டால் நிலக்காட்சி தயார். 2005-ல் கூகுள் எர்த்தும் 2009-ல் இஸ்ரோவின் புவனும் வந்த பிறகு, கோவில்பட்டியின் மேல் பறந்து குருமலையைச் சுற்றிவர யாருக்கும் தடையில்லை.

ஆனால் எதைப் பார்க்கிறோம்? எண்டெவர் அளவையின் உயரத்துக்கு விதிக்கப்பட்ட பிழை வரம்பு 16 மீட்டர். சுமார் 30 மீட்டருக்கு ஓர் எண். ஒரு கரிசல் ஊரின் விதியைத் தீர்மானிப்பது கண்மாய்க் கரை. அதன் இரண்டு மூன்று ஆள் உயரம் இந்தக் கணக்கில் காணாமல் போகும். கழுகுமலையில் சமணச் சிற்பங்கள் செங்குத்துப் பாறைமுகத்தில் இருக்கின்றன. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் செங்குத்துக்கு இடமே கிடையாது. போர்வை அங்கே இழுபட்டு, நிறம் வழிந்த கறையாகத் தொங்கும். எட்டாம் நூற்றாண்டின் வெட்டுவான் கோயிலோ மேலிருந்து கீழாகச் செதுக்கப்பட்டது. மேலிருந்து வேலையைத் தொடங்கிய அந்தச் சிற்பிகூட, கீழே நின்று அண்ணாந்து பார்க்கப்போகிறவனுக்காகத்தான் செதுக்கினான்.

இதெல்லாம் துல்லியக் குறைவு, நாளை சரியாகிவிடும் என்பார்கள். ஆகலாம். என் ஆட்சேபம் வேறிடத்தில் இருக்கிறது. 2013-லும் 2016-லும் கூகுள், லாண்ட்சாட் படங்களைக் கொண்டு மேகமே இல்லாத பூமியைத் தயாரித்தது. பல நாட்களில் எடுத்த படங்களிலிருந்து மேகம் படாத துணுக்குகளைப் பொறுக்கி இணைத்த பூமி அது. கரிசலின் உயிரோ மேகத்தில்தான் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஊறி உப்பி, கோடையில் ஆள் கால் நுழையும்படி வெடித்துப் பிளக்கிற களிமண் அது. எந்த மாதம் என்று சொல்லாமல் அதன் நிறத்தைக்கூடச் சொல்ல முடியாது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள். கம்ப்யூட்டர் தருவது பொழுது பிடுங்கப்பட்ட நிலம். எந்த நாளிலும் யாரும் பார்த்திராத பூமி அது.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். 2020-ல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில், படத்தில் தெரியும் கூரைகளைக் கொண்டு கட்டிடங்களை எந்திரமே ஊகித்து எழுப்பியது. மெல்போர்ன் புறநகர் ஒன்றில் 212 மாடிக் கோபுரம் ஒன்று முளைத்தது. திறந்த வரைபடம் ஒன்றில் யாரோ 2 என்பதற்கு 212 என்று தட்டிவிட்டதுதான் காரணம். அபத்தமாக இருந்ததால் அது பிடிபட்டது. சுமாரான பொய்கள் பிடிபடுவதில்லை. வேலிக்கருவை நின்ற இடத்தில் ஏதோ ஒரு பொதுமரம் நின்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

பூமணியின் 'வெக்கை' (1982) நாவலை இதற்கெதிரே வைத்துப் பார்க்கலாம். கொலை செய்துவிட்ட சிறுவனும் தகப்பனும் கரிசலில் ஒளிந்து திரிகிறார்கள். அவர்களுக்கு நிலம் என்பது எந்த இடம் ஆளை மறைக்கும் என்ற அறிவு. புதரும் ஓடையும் பாறையிடுக்கும் அந்த அறிவின் மூலம்தான் ஸ்தூலம் பெறுகின்றன. ஆகாயப் படம் தெரிவதை மட்டுமே அறியும். பூமணியின் நிலம் தெரியாமலிருப்பதால் ஆனது. கி. ராஜநாராயணன் கரிசலுக்கென்று தனியே சொல்லகராதி தொகுத்ததும் இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன். மேலிருந்து ஒரே கறுப்பாகத் தெரிவதற்குக் கீழே பல பெயர்கள் உண்டு.

இது வெறும் அழகியல் விவகாரம் அல்ல. தேசியத் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தயாரிக்கும் இந்தியத் தரிசுநில அட்லஸில் புதர் நிலங்களும் தரிசு வகைதான். ஆடு மேய்க்கிறவனுக்கு அது மேய்ச்சல். பெயர் மாறினால் நிலம் கைமாறுவதும் சுலபம்.

நம் எழுத்திலும் இந்த நோய் இருக்கிறது. கரிசல் என்றதும் கருவேலம், வெடித்த தரை, தீப்பெட்டி ஆபீஸ் என்று போர்வையை விரித்துவிட்டு அடியில் உயரமே இல்லாமல் எழுதப்படும் கதைகள் எத்தனை! விவரங்கள் அத்தனையும் சரியாக இருக்கும். பார்த்த கண் மட்டும் இருக்காது.

ஆகாயப் படத்தை நான் மறுக்கவில்லை. தூர்ந்த வரத்துக்கால்களைத் தேடுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. தேதியோடும் மேகத்தோடும் ஒட்டுத் தையலோடும் வரும்போது அது ஒரு சாட்சி. தையலை மறைத்து மெருகேற்றிய பிறகு அதைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது. கம்ப்யூட்டர் படமானாலும் கதையானாலும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: இது எந்த நாள், யார் நின்ற இடத்திலிருந்து?