எண்பது மணி நேரக் கணக்கு

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலம் 2018 ஜூனில் தன் ஏழைகளுக்கு ஒரு புதிய கடமையை விதித்தது. அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் 30 முதல் 49 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். வேலை கிடைக்காதவர்கள் படிப்பு, பயிற்சி, தொண்டு என ஏதாவது ஒன்றில் அந்த நேரத்தைக் காட்ட வேண்டும். காட்டியதை மாதாமாதம் ஒரு இணையதளத்தில் பதிய வேண்டும். தொடக்கத்தில் பதிவதற்கு அதைத் தவிர வேறு வழி இல்லை. அந்த இணையதளமோ இரவு 9 மணிக்கு மூடி, காலை 7 மணிக்குத்தான் திறக்கும். ஓர் ஆண்டில் மூன்று மாதம் தவறிவிட்டால், அந்த ஆண்டு முடியும்வரை காப்பீடு கிடையாது. டிசம்பர் முடிவதற்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்துவிட்டார்கள்.

அன்று ஒரு மாநிலத்தின் சோதனையாக இருந்தது இன்று நாட்டின் சட்டம். 2025 ஜூலை 4 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம், மெடிகெய்டு விரிவாக்கத்தில் வரும், விலக்கு இல்லாத 19 முதல் 64 வயதுக்காரர்களுக்கு இதே 80 மணி நேர நிபந்தனையை வைக்கிறது. 2027 ஜனவரி 1-க்குள் மாநிலங்கள் இதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அவகாசம் கேட்டுப் பெறும் மாநிலங்கள் கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆகவே இந்த நிபந்தனையை அதன் ஆதரவாளர்கள் சொல்லும் நோக்கங்களை வைத்தே எடைபோட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் மெடிகெய்டு என்பது என்ன? 1965-ல் லிண்டன் ஜான்சன் காலத்தில் பிறந்த திட்டம். மத்திய அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொண்டு ஏழைகளின் மருத்துவச் செலவை ஏற்கின்றன. நீண்ட காலம் இது குழந்தைகள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், முதியோர் போன்ற சில பிரிவினருக்கே முதன்மையாக உரியதாக இருந்தது. 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டம், வறுமைக்கோட்டு வருமானத்தில் 138 சதவீதம் வரை உள்ள எல்லாப் பெரியவர்களுக்கும் கதவைத் திறந்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் அந்த விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. இதுவரை 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் அதை ஏற்றிருக்கின்றன. இந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்கள்மீதுதான் இப்போது சந்தேகம் விழுந்திருக்கிறது: கை கால் நன்றாக இருப்பவர்கள், ஏன் உழைக்கக் கூடாது?

கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் மூன்று வாதங்கள் இருக்கின்றன. ஒன்று, நிபந்தனை வைத்தால் சும்மா இருப்பவர்கள் வேலைக்குப் போவார்கள். வேலை அவர்களுடைய வறுமையையும் உடல்நலத்தையும் சீராக்கும். இரண்டு, தகுதி இல்லாதவர்கள் விலகினால், உண்மையில் தேவைப்படுவோருக்குப் பணம் மிஞ்சும். மூன்று, வரி கட்டும் உழைப்பாளி இன்னொருவருடைய மருத்துவச் செலவைச் சுமக்கும்போது, அந்த இன்னொருவரிடமிருந்து கொஞ்சம் முயற்சியை எதிர்பார்ப்பது நியாயம். முதல் இரண்டும் நடப்பை வைத்துச் சோதிக்கக் கூடியவை. மூன்றாவது அறம் சார்ந்தது; அதைக் கடைசியில் பார்க்கலாம்.

முதல் வாதம், வேலை. ஆர்கன்சாவில் என்ன நடந்தது என்பதை ஹார்வர்டு ஆய்வாளர்கள் அக்கம்பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட்டு அளந்தார்கள். 2019-ல் வெளியான முடிவு இரண்டே வரியில் சொல்லக் கூடியது. காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கை கூடியது. வேலை பார்ப்போர் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நிபந்தனைக்கு உட்பட்ட வயதினரில் 95 சதவீதத்துக்கும் மேலானோர் ஏற்கெனவே அந்த 80 மணி நேரத்தை நிறைவு செய்துகொண்டிருந்தார்கள், அல்லது விலக்குப் பெறத் தகுதி உள்ளவர்களாக இருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த தொடர் ஆய்விலும் வேலைவாய்ப்பு உயரவில்லை. காப்பீட்டை இழந்தவர்களில் பாதிப் பேர் மருத்துவக் கடனில் சிக்கியதாகவும், பாதிக்கும் மேற்பட்டோர் செலவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்டதாகவும் சொன்னார்கள்.

இலவசக் காப்பீடு ஆளைச் சோம்பேறியாக்கும் என்ற அடிப்படை எண்ணத்துக்கே ஆரெகன் மாநிலத்தில் ஒரு அரிய பரிசோதனை நடந்திருக்கிறது. 2008-ல் அந்த மாநிலத்திடம் இருந்த இடங்கள் குறைவு, கேட்டவர்கள் சுமார் 90,000 பேர். எனவே குலுக்கல் போட்டார்கள். சீட்டு விழுந்தவர்களையும் விழாதவர்களையும் பொருளாதார அறிஞர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, காப்பீடு கிடைத்தது வேலையையோ சம்பளத்தையோ பெரிதாக மாற்றியதாகத் தெரியவில்லை. இதில் வியப்பில்லை. ரொக்க உதவி வீட்டில் அடுப்பெரிக்கும். காப்பீட்டு அட்டை வாடகை கட்டாது, அரிசி வாங்காது. நோய் வந்தால் மட்டும் பயன்படும் ஒன்றை நம்பி யாரும் வேலையை விட்டுவிட்டு உட்கார முடியாது.

எதிர்த்தரப்பின் கையில் உள்ள வலுவான சான்றையும் சொல்லியாக வேண்டும். 2005-ல் டென்னசி மாநிலம் நிதி நெருக்கடியில் சுமார் 1,70,000 பெரியவர்களைத் தன் மெடிகெய்டு திட்டத்திலிருந்து நீக்கியது. அதன்பின் வேலைவாய்ப்பு கணிசமாக உயர்ந்தது என்று 2014-ல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு சொன்னது. முதலாளி தரும் காப்பீட்டுக்காகவே பலர் வேலை தேடினார்கள் என்பது அதன் விளக்கம். வேறு தரவுகளை வைத்துப் பின்னால் வந்த ஆய்வுகள் இந்த முடிவை ஏற்கவில்லை. அதை அப்படியே ஏற்றாலும் இங்கே பொருந்தாது. டென்னசியில் நடந்தது நிபந்தனை அல்ல, ஒட்டுமொத்த நீக்கம். அதோடு நீக்கப்பட்டவர்களில் பலர் மற்ற மெடிகெய்டு பயனாளிகளைவிட வருமானம் கொஞ்சம் கூடியவர்கள். காப்பீட்டோடு வரும் வேலைகள் அவர்களுக்கு எட்டின. இன்று நிபந்தனைக்குள் வருபவர்களில் பெரும்பாலோர் உணவகம், சில்லறைக் கடை, வீட்டுப் பராமரிப்பு போன்ற துறைகளில் இருப்பவர்கள். அங்கே பகுதிநேர வேலைக்குக் காப்பீடு தரும் முதலாளியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

எட்டு மணி நேர ஆலை வேலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டதுபோல் இருக்கிறது இந்த 80 மணிக் கணக்கு. சில்லறைக் கடை ஊழியரின் ஷிப்டை அவர் தீர்மானிப்பதில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் நம் ஜவுளிக்கடைகளில் ஆள் போதாமல் தவிப்பதும், பண்டிகை முடிந்ததும் கடை காற்றாடுவதும் போலத்தான் அங்கேயும் கிறிஸ்துமஸுக்கு முன்னும் பின்னும். நவம்பரில் 140 மணி நேரம் உழைத்தவருக்குப் பிப்ரவரியில் 60 மணி நேரம் கிடைக்கலாம். உழைப்பில் குறை இல்லை. அந்த மாதக் கணக்கில் மட்டும் குறை. பருவகால வேலைக்காரர்களுக்கு ஆறு மாதச் சராசரி பார்க்கலாம் என்று புதிய சட்டம் இடம் தருவதே இந்தச் சிக்கலை அது உணர்ந்திருப்பதைக் காட்டுகிறது. அந்தச் சலுகை மற்றவர்களுக்கு இல்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 95 சதவீதத்துக்கும் மேலானோர் நிபந்தனையை நிறைவு செய்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள் என்றால், 18,000 பேர் எப்படி வெளியேறினார்கள்? கேட்டால் பதில் எளிது. பலருக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியவில்லை. தெரிந்த சிலருக்கு இணையம் இல்லை. சிலர் கடவுச்சொல்லைத் தொலைத்தார்கள். சிலருக்கு விலக்கு உண்டு, அதைக் கேட்டு வாங்கத் தெரியவில்லை. ஆர்கன்சா அரசு கைவசம் இருந்த தரவுகளை ஒப்பிட்டுப் பெரும்பாலோருக்குத் தானாகவே விலக்கு அளித்திருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தானே பதிய வேண்டிய நிலையில் மிஞ்சியவர்களில்தான் இவ்வளவு இழப்பு. ஆக, அந்த விதி பிரித்தெடுத்தது உழைப்பாளியையும் சோம்பேறியையும் அல்ல. படிவம் நிரப்பத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் பிரித்தது.

இது ஆர்கன்சாவின் தனிக் குறை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கொரோனா காலத்தில் யாரையும் நீக்கக் கூடாது என்றிருந்த தடை 2023-ல் விலகியதும், நாடு முழுவதும் 2.5 கோடிப் பேருக்கு மேல் மெடிகெய்டிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானோர் தகுதியின்மை நிரூபிக்கப்பட்டு வெளியேறியவர்கள் அல்லர். கடிதம் வந்து சேரவில்லை, படிவம் திரும்பி வரவில்லை என்பன போன்ற நடைமுறைக் காரணங்களால் நீக்கப்பட்டவர்கள். அப்போது வேலை நிபந்தனை ஏதும் இல்லை. இனி அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதிப் பரிசோதனையும் மணிக்கணக்கும் சேரப்போகின்றன.

இரண்டாவது வாதம், பணம். இதற்கு ஜார்ஜியா பதில் சொல்லியிருக்கிறது. மெடிகெய்டு விரிவாக்கத்தை முழுமையாக ஏற்காத அந்த மாநிலம், 2023 ஜூலையில் வேலை நிபந்தனையோடு ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டில் 25,000 பேர் சேருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. சேர்ந்தவர்கள் நான்காயிரத்துச் சொச்சம். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2025-ல் பார்த்தபோது, நிர்வாகத்துக்குச் செலவான தொகை மருத்துவத்துக்குச் செலவானதைப் போல இரண்டு மடங்கு. மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய பணத்தில் பெரும்பகுதி மென்பொருளுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் போனது. மாதாமாதம் பதிவதை ஆண்டுக்கு ஒரு முறையாகத் தளர்த்த கடைசியில் அந்த மாநிலமே முன்வந்தது.

நாடு முழுவதற்குமான கணக்கு இதைவிடத் தெளிவானது. நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகத்தின் மதிப்பீட்டின்படி, வேலை நிபந்தனையால் பத்தாண்டுகளில் சுமார் 32,600 கோடி டாலர் மிச்சமாகும். 2034-ல் சுமார் 53 லட்சம் பேர் கூடுதலாகக் காப்பீடு இன்றி இருப்பார்கள். இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஆதரவாளர்கள் சொல்வதுபோல் எல்லோரும் வேலைக்குப் போய் நிபந்தனையை நிறைவேற்றினால், பெரும்பாலோர் வருமானம் வரம்புக்குள்ளேயே இருக்கும், காப்பீட்டிலும் தொடர்வார்கள். அப்படியானால் அரசுக்கு மிச்சம் அதிகம் இராது. மிச்சம் வர வேண்டுமென்றால் லட்சக்கணக்கானோர் நிபந்தனையில் தவற வேண்டும். வெளியே சொல்லும் நோக்கம் நிறைவேறினால் பட்ஜெட் கணக்கு உதைக்கும். பட்ஜெட் கணக்கு நிறைவேறினால் வெளியே சொல்லும் நோக்கம் தோற்றிருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் வாக்குறுதியாகத் தர முடியாது.

இந்த முரணை நீதிமன்றம் முன்பே தொட்டது. ஆர்கன்சா, கென்டக்கி திட்டங்களை 2019 மார்ச்சில் வாஷிங்டன் மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க் ரத்து செய்தார். ஏழைகளுக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதே மெடிகெய்டின் மைய நோக்கம். எத்தனை பேர் அதை இழப்பார்கள் என்பதைச் சுகாதாரத் துறை ஆராயவே இல்லை என்பது அவருடைய காரணம். 2020 பிப்ரவரியில் ஆர்கன்சா வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒருமனதாக அதையே உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் ரீகன் நியமித்த பழமைவாத நீதிபதி. ஆனால் எதிர்ப்பாளர்கள் இந்த வெற்றியில் சாய்ந்துகொண்டிருக்க முடியாது. அன்று அதிகாரிகள் சட்டத்தின் நோக்கத்தை மீறினார்கள். இன்று சட்டமே நோக்கத்தை மாற்றிக்கொண்டுவிட்டது. இனி வழக்கறிஞரின் வாதம் போதாது.

மிஞ்சுவது அறவாதம். கொடுக்கல் வாங்கலில் இரு பக்கமும் பொறுப்பு வேண்டும் என்பது பழுதற்ற கருத்துதான். ஆனால் மெடிகெய்டில் இருக்கும் உழைக்கும் வயதினரில் 64 சதவீதத்தினர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்கள் என்கிறது கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. குடும்பத்தாரைப் பராமரிப்போர், நோயாளிகள், மாணவர்களைச் சேர்த்தால் 92 சதவீதம். எஞ்சிய 8 சதவீதத்திலும் ஓய்வு பெற்றோர், வேலை தேடி அலைவோர் இருக்கிறார்கள். வீட்டில் வீடியோ கேம் விளையாடும் இளைஞன் என்று அரசியல்வாதிகள் வரையும் சித்திரத்துக்குப் பொருந்துபவர் ஒரு சிறு துளி. அந்தத் துளியைப் பிடிக்க வீசும் வலையில் 58 வயதுப் பெண்மணியும் விழுகிறார். முட்டி தேய்ந்து நிற்க முடியாதவர், ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் இன்னும் கைக்கு வராதவர். ஆர்கன்சா 49 வயதோடு நிறுத்தியது. புதிய சட்டம் 64 வரை போகிறது. நிபந்தனையில் தவறியவர் அரசின் காப்பீட்டுச் சந்தையில் தனியார் காப்பீடு வாங்குவதற்கான மானியத்தையும் அது மறுக்கிறது. தண்டனை குற்றத்தை மீறிப் போனால் அதைப் பரஸ்பரப் பொறுப்பு என்று அழைக்க முடியாது. நீரிழிவுக்கு இன்சுலின் கிடைக்காதவர் அடுத்த மாதம் வேலைக்குப் போக மாட்டார். அவசரப் பிரிவுக்குத்தான் போவார். 1986-ன் சட்டப்படி அவரைத் திருப்பி அனுப்ப முடியாத மருத்துவமனை அந்தச் செலவை வேறு யார் தலையிலாவது ஏற்றும்.

எதிர்ப்பாளர்கள் தரப்பிலும் ஒரு பலவீனம் உண்டு. இழப்பைப் பற்றியே பேசுகிறார்கள். வேலை வேண்டியும் கிடைக்காதவருக்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். மான்டானா 2015-ல் மெடிகெய்டை விரித்தபோது, விரும்பியவர்களுக்கு மட்டும் தொழிலாளர் துறை வழியாக வேலைப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தது. கட்டாயம் இல்லை, காப்பீட்டைப் பறிக்கும் மிரட்டலும் இல்லை. வேலையை ஊக்குவிக்க நினைப்பவர் பார்க்க வேண்டிய திசை அது. வேலை நிபந்தனையை மறுப்பவர்கள் இந்த மாற்றையும் கையில் ஏந்தி வந்தால்தான் மறுப்பு முழுமை பெறும்.

ஆக, தீர்ப்பு இது. வேலையைக் கூட்டும் என்றார்கள். கூட்டியதற்குச் சான்று இல்லை. பணத்தைத் தேவையானவருக்குத் திருப்பும் என்றார்கள். ஜார்ஜியாவில் நிர்வாகம் தின்றது, நாட்டளவில் மிச்சம் என்பது காப்பீட்டை இழப்பவர்களின் எண்ணிக்கையிலிருந்தே வருகிறது. நியாயம் என்றார்கள், விதியை நிறைவேற்றியவரே விதியால் வெளியேற்றப்பட்டார். தன் மூன்று நோக்கங்களிலும் தோற்ற ஒரு கொள்கையை, ஒரு மாநிலத்தில் பார்த்த பிறகும் நாடு முழுவதற்கும் விரிப்பது தெரியாமல் செய்யும் பிழை அல்ல. வேலை நிபந்தனையை எதிர்ப்பதற்கு உழைப்பின்மீது வெறுப்பு வேண்டியதில்லை. உழைப்பை உண்மையில் மதித்தாலே போதும்.