வழித்துணை

பல்லாயிரம் பேர் ஒரே காலத்தில் குடியேறி வாழும் இணைய விளையாட்டு உலகங்களைச் சிருஷ்டிப்பவர்கள், ஆடுபவனுடைய சந்தோஷம் ஒன்றே தங்கள் தொழிலுக்கு அளவுகோல் என்றும், அவனுக்குச் சலிப்பூட்டுவது எதுவாயினும் அதை நீக்கிவிடுவதே தர்மம் என்றும் சொல்லி வருகிறார்கள். கேட்ட மாத்திரத்தில் இது மறுக்க முடியாத சித்தாந்தமாகவே தோன்றும்.

இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1997-இல் வெளிவந்த அல்டிமா ஆன்லைனில், ஊர்க்காவலைத் தாண்டிய புதியவன் கொள்ளைக்கும் கொலைக்கும் இரையாகி விளையாட்டையே வெறுத்து ஓடியபடியால், சம்மதமின்றி ஒருவரையொருவர் தாக்க இயலாத டிராமெல் என்ற தனி நிலத்தை 2000-இல் உண்டாக்கியதை நான் குறை கூறமாட்டேன்.

ஆனால், சந்தோஷத்தை நிமிஷக் கணக்கில் அளக்கும் இச்சித்தாந்தம், பிரயாசையின் முடிவில் மட்டுமே கிட்டும் சந்தோஷத்தை அளக்க வழியறியாமல், பிரயாசையையே நோயென்று எண்ணி அறுத்தெறிகிறது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில், ஐவர் கூடினாலன்றி வெல்லலாகாத பாதாளக் குகைக்குப் போக விரும்பியவன், 2009 டிசம்பர் வரையில், நகரத்தில் நின்று கூவி ஆள் சேர்த்து, காயம் ஆற்றவல்ல ஒருவர் அகப்படும் வரை காத்திருந்து, பிறகு குகைவாசலுக்குப் பிரயாணப்பட வேண்டியிருந்தது. அனைவரும் ஒரே சர்வரின் குடிகள் ஆதலால், கிடைத்த பொருளைப் பங்கிடுகையில் இன்று வஞ்சித்தவனுக்கு நாளை துணை கிடைப்பது அரிது. புதியவனுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவனுடைய பெயரோ தானாகவே பரவிற்று. அந்த டிசம்பரில் வந்த டஞ்சன் ஃபைண்டர், பொத்தானை அழுத்தியவனுக்கு வெவ்வேறு சர்வர்களிலிருந்து நால்வரைப் பொறுக்கிக் கொடுத்து, ஐவரையும் குகைக்குள்ளேயே கொண்டுபோய் இறக்கிற்று. அலைச்சல் ஒழிந்தது மெய். மறுபடி சந்திக்கப் போவதில்லை என்று அறிந்த ஐவருக்குள் பேச்சும் ஒழிந்தது, நாணமும் ஒழிந்தது.

வேண்டாதவன் பழையபடியே நடந்து போகலாமே என்று வாதிப்பார்கள். எல்லோரும் பொத்தானை அழுத்திப் போய்விட்ட நகரத்தில் கூவுபவனுக்கு யார் பதில் சொல்வது?

2003-இல் தோன்றிய ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸில், போரில் களைத்தவன் மதுச்சாலையில் அமர்ந்து, வேறோர் ஆட்டக்காரர் இசைப்பதையோ நடனமாடுவதையோ கண்டுதான் களைப்பாற வேண்டும் என்ற விதி இருந்தது. அதைச் சலிப்பு என்பாரும் உளர். கலைஞனுக்கு ரசிகனைக் கொண்டுவந்து சேர்த்தது அந்தச் சலிப்புத்தான். 2005 நவம்பரில், முப்பதுக்கு மேற்பட்ட தொழில்களை ஒன்பதாகச் சுருக்கி, சாகசத்தை எல்லோருக்கும் சுலபமாக்க முற்பட்டபோது, நெடுநாள் குடியிருந்தோர் திரளாக வெளியேறினார்கள்.

டஞ்சன் ஃபைண்டர் இல்லாத பழைய உருவிலேயே வார்கிராஃப்ட் 2019 ஆகஸ்டில் மீண்டும் வந்தபோது, உள்ளே நுழைவதற்கே ஜனங்கள் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்தார்கள். அதைப் பழமை மோகம் என்று சிரித்து ஒதுக்குகிறார்கள். இடைப்பட்ட பத்தாண்டுச் சௌகரியத்தின்மீது நாளை எவனாவது மோகம் கொள்வானா என்பதை மட்டும் அவர்கள் யோசிப்பதில்லை.

வழித்துணை என்ற சொல்லிலிருந்து வழியை எடுத்துவிட்டாலும் துணை மிஞ்சும் என்று கணக்கிட்டார்கள். மிஞ்சியது என்னவோ, ஒரே குகைக்குள் ஐந்து தனியாட்கள்.