சுழலாத பற்சக்கரங்கள்: கற்பனைப் புகையிரத மாதிரிகள் பற்றிய ஒரு நோக்கு

ஓடுகின்ற புகையிரதமொன்றை 87இல் ஒரு பங்கு அளவிற் பிழையறச் செய்பவனை நல்ல கைவினைஞன் என்கிறோம். மூலத்தோடு ஒப்பிட்டு அவன் திறனை அளந்துவிடலாம். ஆயின், உலகில் எங்கும் ஓடியிராத புகையிரதமொன்றைக் கற்பித்துச் செய்பவனை எதனோடு ஒப்பிடுவது? அவன் மனம்போனபடி செய்யலாம் என்பது பலர் கருத்து. அக்கருத்து மீள்பரிசீலனைக்குரியது.

இத்தகைய ஆக்கங்களிற் பல இன்று 'ஸ்ரீம்பங்க்' என்ற பெயராற் சுட்டப்படுகின்றன. 1987இல் அமெரிக்க எழுத்தாளர் கே. டபிள்யூ. ஜீற்றர் தம்முடையனவும் தம் நண்பர்களுடையனவுமான சில நாவல்களைக் குறிக்க வழங்கிய இச்சொல், காலப்போக்கில் நீராவிக்கால இயந்திரங்களைக் கனவுருவிற் படைக்கும் கைவினைக்கும் உரியதாயிற்று. பித்தளைக் குழாய், தறையாணி வரிசை, நெடிய புகைபோக்கி, பற்சக்கரம் ஆகியன இதன் புற அடையாளங்கள்.

பெயர் பிறக்குமுன்னரே பொருள் பிறந்துவிட்டது. ஆங்கிலக் கேலிச்சித்திரக்காரர் றோலண்ட் எமற் (1906–1990) 'பஞ்ச்' இதழில் வரைந்த விசித்திரப் புகையிரதங்கள், 1951ஆம் ஆண்டுப் பிரித்தானிய விழாவையொட்டி இலண்டன் பற்றசீப் பூங்காவில் மக்களை ஏற்றிச்செல்லும் சிறு பாதையாக உருப்பெற்றன. 'நெலி' என்னும் எஞ்சினின் புறத்தோற்றம் நீராவிக்குரியது. உள்ளே இயங்கியதோ டீசல்-மின் பொறி. எனினும் அதனைப் போலி எனத் தள்ளிவிட முடியாது. கவனிப்பாரற்ற கிராமத்துக் கிளைப்பாதையின் மூப்பையும் முடக்கத்தையும் நன்கறிந்து எழுந்த நகை அது. போரின் பின் பங்கீட்டு வாழ்வில் உழன்ற மக்கள் தம் நிலையையே அதிற் கண்டு சிரித்தனர் எனலாம்.

கலிபோர்னியாவின் மொன்றரேயில் ஜோன் அலன் தம் வீட்டினுள் அமைத்த 'கோர் அன்ட் டஃபீற்றிட்' என்னும் மாதிரிப்பாதை இன்னுமொரு சான்று. 'குருதி தோய்ந்து தோற்றது' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர்போல ஒலிக்கும் இப்பெயரே ஒரு சிலேடை. நிலத்திலிருந்து கூரைநோக்கி எழும் மலைகளையும், தொலைவை மிகுத்துக் காட்டக் கண்ணாடிகளையும் அவர் அமைத்தார். அங்கே 13ஆம் இலக்க எஞ்சினாக நின்றது 'எம்மா' என்ற ஸ்ரெகோசோரஸ் விலங்கு! ஆனால் அவ்விலங்குக்கும் பெட்டிகளை இடம்மாற்றும் தொழில் விதிக்கப்பட்டிருந்தது. அலனின் நண்பர்கள் கூடி, ஆளுக்கொரு கடமையேற்று, நேரசூசிப்படி வண்டிகளை இயக்கினர். எஞ்சின்களிற் கரியும் கட்டடங்களில் உழைப்பின் தேய்வும் படிந்திருந்தன. 1973 சனவரியில் அலன் இறந்தார். சில நாட்களுள் அப்பாதையும் தீக்கிரையாயிற்று. எஞ்சிய நிழற்படங்களைப் பார்ப்போர் இன்றும் அதனை ஓர் உலகமாக நம்புகின்றனர். ஒவ்வொன்றுக்கும் அங்கே தொழிலொன்று இருந்தமையே அந்நம்பிக்கைக்குக் காரணம்.

இவ்வளவைகொண்டு நோக்குமிடத்து, பிற்கால ஆக்கங்கள் பலவற்றின் குறை புலனாகும். பழைய கைக்கடிகாரத்துப் பற்சக்கரங்கள் கொதிகலனின்மீது ஒட்டப்பட்டுள்ளன. அவை ஒன்றோடொன்று பொருந்துவதில்லை, எதனையும் சுழற்றுவதுமில்லை. கரிக்கும் நீருக்கும் இடமில்லை. சாரதி நிற்கவும் இடமில்லை. பொருளறியாது அடுக்கிய அடைமொழிகள் செய்யுளுக்குச் செய்வதையே இவை இயந்திரத்துக்குச் செய்கின்றன.

இது வெறும் அழகியற் குறைபாடன்று. யூல் வேர்ண் 1880இல் வெளியிட்ட 'நீராவி வீடு' நாவலில், இயந்திர யானையொன்று இந்தியாவினூடாக ஐரோப்பியரின் நடமாடும் இல்லத்தை இழுத்துச் செல்கின்றது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நிழல் அக்கதையெங்கும் விழுந்துள்ளது. யாருடைய நிலத்தில் யார் பயணம் செய்கின்றனர் என்பது மறைக்கப்படவில்லை. நீராவிக்காலம் சுரங்கத் தொழிலாளரின் காலம். குடியேற்ற நாடுகளின் காலம். 1867இற் கண்டியை எட்டிய நமது புகையிரதப் பாதைகூட, கோப்பியைத் துறைமுகம் சேர்க்கும் தேவையினாலேயே உந்தப்பட்டது. அக்காலத்தின் பித்தளையை மட்டும் எடுத்துக்கொண்டு கரியைத் துடைத்துவிடும் கற்பனை, உழைத்தவனையும் சேர்த்தே துடைத்துவிடுகின்றது.

பொழுதுபோக்கின்மீது இத்துணைச் சுமையேற்றலாமா எனச் சிலர் வினவலாம். அலனின் விலங்கு சிரிப்பூட்டியது, அது வேலை செய்தமையால். விதி மகிழ்ச்சியைக் குறைக்கவில்லை. எனவே, இத்துறையிற் புகுவோர் பசையைத் தொடுமுன் தம் எஞ்சினிடம் சில வினாக்களைக் கேட்டல் நன்று: எரிபொருள் எங்கே உள்ளது? நீர் எவ்வழி வருகிறது? சாம்பலை அள்ளுபவன் எங்கே நிற்கிறான்?